ஐந்தாவது படத்துக்கு இசை

பிப்ரவரி 3

தம்பிக்கு,

எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன். நலமா என்று முதலில் கேட்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள்.

போனிலேயே பேசலாமே என்று நினைப்பாய். போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நம்மில் ஒருவர் பட்டென்று வைத்துவிடுகிறோம். கடிதத்தில் சண்டை போட்டால் பதில் வர ஒரு வாரம் ஆகும். அதற்குள் பாதிக் கோபம் அலுத்துப்போகும். மீதியைச் சமாளித்துக்கொள்ளலாம்.

விஷயம் இது. காட்சிக்கூடத்து இயக்குநரை உனக்குத் தெரியும். எந்தப் படத்தின் முன்னால் நின்றாலும் கண்ணை மூடிக்கொள்வாரே, அவர்தான். ஏப்ரலில் ஒரு கண்காட்சி வைக்கிறார். என் படங்கள் ஏழு, ஒவ்வொன்றுக்கும் உன் இசை ஒன்று. பார்க்க வருகிறவர்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு படத்தின் முன்னால் நிற்க வேண்டும். "சொந்த உணர்ச்சியை வண்ணத்துலயும் சொல்றீங்க, ஒலியிலயும் சொல்றீங்க. அக்கா தம்பி வேற. கேக்கவே சிலிர்க்குதுங்க" என்றார். சிலிர்த்த கையாலேயே ஒரு படிவத்தையும் நீட்டினார். அதில் நான்கு கட்டம்: படத்தின் எண், உயரம் அகலம், இசையின் நீளம், உணர்ச்சியின் பெயர். இருப்பதிலேயே சின்னக் கட்டம் உணர்ச்சிக்குத்தான். "துக்கம்" என்று எழுதலாம். "மனஉளைச்சல்" என்று எழுதினால் வெளியே வழியும்.

ஏழு படத்தையும் மரப்பெட்டியில் அடைத்து அனுப்பிவிட்டேன். நீ அவ்வப்போது அனுப்பிய பதிவுகளைக் காதில் மாட்டிக்கொண்டு வரைந்தவைதான் எல்லாம். இனி உன் முறை. பழையபடி படத்தின் மேல் தாளை விரித்து, கோடுகளை எண்ணி, புதிதாக இசை எழுது. உன் பழைய பதிவுகள் வேண்டாம். படத்தில் என்ன இருக்கிறதோ அது மட்டும் காதில் விழ வேண்டும்.

ஒரே நிபந்தனை. அப்பா பேச்சு வேண்டாம்.

நான் வழக்கம்போல் பல் மருத்துவமனைகளுக்குக் கடல் வரைந்துகொண்டிருக்கிறேன். வாயைத் திறந்தபடி படுத்திருப்பவர்களுக்குக் கடல் ஆறுதலாம். போன மாதம் ஒரு டாக்டர், "அலை கொஞ்சம் அதிகமா இருக்கு, பேஷண்ட் பயப்படறாங்க" என்று திருப்பி அனுப்பினார்.

பின்குறிப்பு: ஐந்தாவது படத்தை நானே சரியாகப் பார்க்கவில்லை. வரைந்த நாளிலிருந்து சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தேன். அப்படியே கட்டிவிட்டேன்.

கிறுக்கி


பிப்ரவரி 13

அக்காவுக்கு,

நலம். நீ கேட்டதாக வைத்துக்கொண்டேன், நான் சொன்னதாக வைத்துக்கொள்.

"கிறுக்கி" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். சுவர் முழுக்கக் கிறுக்கியதற்கு அப்பா வைத்த பெயர் அது. அப்பா பேச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் வைத்த பெயரில் கையெழுத்துப் போடுகிறாய். நானும் அப்படியே போடுகிறேன்.

பெட்டி வந்தது. நான்கு பேர் தூக்கி வந்து, "உள்ள என்ன சார்?" என்றார்கள். "உணர்ச்சி" என்றேன். "உடையுமா?" என்று கேட்டுவிட்டு ஓரமாக வைத்தார்கள்.

என் வேலையும் உன் பல் மருத்துவமனைக் கடல் மாதிரிதான். நீ ஏதாவது அலுவலகத்துக்குப் போன் செய்து, "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது" என்ற குரலுக்குப் பிறகு இருபது நிமிடம் காத்திருந்தால், அப்போது கேட்பது என் இசை. இந்த நாட்டில் அதிகம் பேர் கேட்கிற இசையமைப்பாளன் நான். விரும்பிக் கேட்டவர் எவரும் இல்லை. மேலாளர் ஒரு விதி வைத்திருக்கிறார்: இசை மோசமாக இருந்தால் ஆட்கள் போனை வைத்துவிடுவார்கள், நன்றாக இருந்தால் நடுவில் ஊழியர் எடுத்துப் பேசும்போது எரிச்சலாவார்கள். இரண்டுக்கும் நடுவே பதினொரு வருடமாக வாழ்கிறேன்.

முதல் மூன்று படங்களுக்கு இசை முடித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். டிரேசிங் தாளில் கட்டம் போட்டு, படத்தின் மேல் விரித்து, இடமிருந்து வலமாக நடந்தேன். கோடு தடித்தால் செல்லோ, மெலிந்தால் பியானோ. இரண்டாவது படத்தில் நீ ஏதோ கோபத்தில் இருந்திருக்கிறாய். வலது மூலையில் பிரஷ்ஷின் முடி மூன்று ஒட்டியிருக்கிறது. அதற்கும் ஒரு சுரம் கொடுத்திருக்கிறேன்.

இனி என் நிபந்தனை. அப்பா போன அந்த மதியம் இரண்டு மணிக்கும் நாலரை மணிக்கும் நடுவில் என்ன நடந்தது என்று எனக்குச் சொல். ஆறு மணிக்குத்தான் எனக்குப் போன் வந்தது. நான் வந்து சேர்ந்து, எல்லாம் முடிந்த பிறகு, உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"அப்பா மணி அடிக்கலையா?"

"அடிக்கலை" என்றாய். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாம் கத்தியதெல்லாம் கணக்கில் இல்லை.

பக்கவாதத்தில் அவருக்குப் பேச்சு போனதும் அந்தப் பித்தளை மணியைத் தேடி வாங்கி அனுப்பியவன் நான். முப்பத்திரண்டு வருடம் ரயில் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டி, விரிசல் இருக்கிறதா என்று காதாலேயே கண்டுபிடித்த மனிதர். தர்பூசணி, புதுச் சுவர், என் மண்டை, எதையும் தட்டிப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ள மாட்டார். அப்படிப்பட்டவர் சத்தம் போடாமல் போனார் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. நீ சொல்லும்வரை ஒரு படத்தின் இசையை நான் அனுப்பப்போவதில்லை. எந்தப் படம் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ரேடியோ
(நிறுத்தத் தெரியாதவன் என்பதால் அவர் வைத்த பெயர். நினைவிருக்கும்.)


பிப்ரவரி 20

தம்பிக்கு,

மணி அடிக்கவில்லை. அன்று சொன்னதுதான் இன்றும். சத்தியம் செய்யச் சொன்னால் செய்கிறேன்.

பதிவுகள் வந்தன. முதலாவது நன்றாக இருக்கிறது. மூன்றாவதைக் கேட்டு இயக்குநர் கண்ணை மூடினார். படம் எதிரில் இல்லாமலே மூடினார், அதனால் பாராட்டு என்றே எடுத்துக்கொள்ளலாம். படிவத்தில் ஒன்றுக்குப் "பொறாமை", இரண்டுக்குக் "கோபம்", மூன்றுக்கு "சலிப்பு" என்று நிரப்பினேன். "சலிப்பு வேண்டாமே, வர்றவங்க தப்பா எடுத்துக்குவாங்க" என்றார். "ஏகாந்தம்" என்று மாற்றிக்கொடுத்தேன். படம் அதேதான்.

இரண்டாவதில் மட்டும் ஒரு தட்டல் வருகிறது. மரத்தில் ஏதோ தட்டுவது போல, தூரத்தில். அதை எடுத்துவிடு. எனக்குப் பிடிக்கவில்லை.

கிறுக்கி


மார்ச் 1

அக்காவுக்கு,

இரண்டாவதில் தட்டல் கிடையாது. அதில் இருப்பது ஒரு பியானோ, ஒரு செல்லோ. தட்டுவதற்கு ஆள் இல்லை. சந்தேகத்துக்கு நானும் நான்கு முறை கேட்டேன். உன் ஹெட்போனை மாற்று.

நாலு, ஆறு, ஏழு முடிந்துவிட்டன. அனுப்பியிருக்கிறேன். ஐந்தாவதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் கீழ் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். கீழே ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் தனியாக இருக்கிறார். போன சனிக்கிழமை மாடியேறி வந்து கதவருகில் நின்றார்.

"தம்பி, தினமும் மத்தியானம் என்ன ஆணி அடிக்கிறீங்க?"

"மத்தியானம் நான் ஆபீஸ்ல இருப்பேன் சார். வீடு பூட்டியிருக்கும்."

"பூட்டிட்டு அடிக்கிறீங்களோ திறந்துட்டு அடிக்கிறீங்களோ, எனக்கு அது வேண்டாம். மூணு இருபதுக்கு ஆரம்பிக்குது, நாலு மணிக்கு நிக்குது. மூணு தட்டு, ஒரு நிறுத்தம், ரெண்டு தட்டு. அதே மாதிரி நாப்பது தடவை. நான் எண்ணிட்டேன்."

"எண்ணினீங்களா?"

"வேற என்ன பண்றது? தூங்க விட்டாத்தானே? அதுகூடப் பரவாயில்லை. நாப்பத்தொண்ணாவதுல மூணு தட்டிட்டு, நிறுத்திட்டு, ஒண்ணோட விட்டுடறீங்க. அந்த ரெண்டாவதையும் தட்டிட்டுப் போனா என்ன தம்பி? பாதிக் கணக்குல விட்ட மாதிரி மனசு அங்கயே நிக்குது."

வேறு எந்த வீட்டிலோ என்று சொல்லி அனுப்பிவைத்தேன். மறுநாள் ஐந்தாவது படத்தைச் சுவரிலிருந்து இறக்கி மேசையில் கிடத்தினேன். நீ சரியாகப் பார்க்கவில்லை என்கிறாய், அதனால் சொல்கிறேன். மேலே முழுக்கச் சாம்பல் நிறம். கீழ்ப்பகுதியில் பழுப்பில் சின்னச் சின்னக் கோடுகள், விரல் நகம் அகலத்துக்கு. முதல் பார்வைக்கு மழை என்றுதான் நினைத்தேன். தாளை விரித்து எண்ணினால் மூன்று கோடு, ஓர் இடைவெளி, இரண்டு கோடு. ஒரு வரிசைக்கு இப்படி ஆறு தொகுதி. ஆறு வரிசை முழுதாக இருக்கிறது, ஏழாவதில் ஐந்து. மொத்தம் நாற்பத்தொன்று.

கடைசித் தொகுதி குறை. மூன்று கோடு, இடைவெளி, ஒரே ஒரு கோடு. அதற்குப் பிறகு சாம்பல்தான்.

வாத்தியார் இந்தப் படத்தைப் பார்த்ததில்லை. நானும் அவரிடம் சொன்னதில்லை. தற்செயல் என்று வைத்துக்கொண்டேன். இவ்வளவு பொருத்தமாக ஒரு தற்செயலை நான் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

இசை என்னவோ எளிதாக வந்துவிட்டது. மரக்கட்டையால் தட்டினால் போதும், மற்றதெல்லாம் அதன்மேல் தானாக உட்கார்ந்துகொண்டது. நீ ஒரு கோட்டை மறந்துவிட்டாய் போலிருக்கிறது. இசையில் நானே சேர்த்து முடித்துவிடட்டுமா? கேட்க நன்றாக இருக்கும்.

ரேடியோ


மார்ச் 7

தம்பி,

சேர்க்காதே.

ஐந்தாவதைத் திருப்பி அனுப்பு. ஆறு படம் போதும் என்று இயக்குநரிடம் சொல்லிக்கொள்கிறேன். அனுப்பும்வரை சுவரைப் பார்க்கத் திருப்பி வை.

நீ வீட்டில் இருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டால் எழுந்து போகிறாயா, உட்கார்ந்திருக்கிறாயா? இதற்கு மட்டும் பதில் எழுது.


மார்ச் 14

அக்காவுக்கு,

உன் கடிதத்தில் கையெழுத்து இல்லை. அவசரத்தில் விட்டிருப்பாய்.

அழைப்பிதழில் ஏழு படம் என்று அச்சாகிவிட்டதாம். இயக்குநருக்கு நானே போன் செய்தபோது சொன்னார். "ஏழுங்கிறது ஒரு முழுமைங்க" என்றார். அவருடைய அலுவலக எண்ணில் என் இசை பதினெட்டு நிமிடம் ஓடிய பிறகுதான் இந்த முழுமை எனக்குக் கிடைத்தது.

உன் கேள்விக்கு வருகிறேன். எழுந்து போவதா உட்கார்ந்திருப்பதா என்று முடிவு செய்ய முதலில் எனக்குக் கேட்க வேண்டுமே. கேட்கவில்லை. ஆகவே செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்தேன். நீ சொன்னபடி படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். எதிரில் இரண்டு மைக், பதிவுக் கருவி. ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூன்று மணிக்கே உட்கார்ந்துவிட்டேன். மூன்று இருபது ஆயிற்று, மூன்றரை ஆயிற்று. என் மூச்சு கேட்டது. பக்கத்து வீட்டுக் குழாய் கேட்டது. வேறு ஒன்றும் இல்லை. நாலு மணிக்குக் கருவியை நிறுத்தினேன். நாலு ஒன்றுக்கு வாத்தியார் வந்துவிட்டார்.

"இன்னிக்கு ரொம்ப ஜாஸ்தி தம்பி. சுவரையே தட்டற மாதிரி."

"நான் இங்கயேதான் சார் இருந்தேன். காதுல மாட்டிக்கிட்டு நாப்பது நிமிஷமாக் கவனமாக் கேட்டுட்டிருந்தேன். ஒண்ணுமே இல்லை."

அவர் என் கழுத்தில் தொங்கிய ஹெட்போனைப் பார்த்தார்.

"காதை மூடிட்டு உக்காந்தா எப்படித் தம்பி கேக்கும்?"

பிறகு எனக்குப் பின்னால் அறையை எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "வீட்டுல வயசானவங்க யாராவது இருக்காங்களா?"

"ஏன் சார்?"

"ஆணி அடிக்கிறதுன்னு நான்தான் தப்பா நினைச்சுட்டேன். ஆணி அடிக்கிறவன் நடுவுல நிறுத்திக் காத்திருக்க மாட்டான். இது கூப்பிடற தட்டு தம்பி."

அவர் படியிறங்கிப் போனார். பிறகு, ஏன் என்று கேட்காதே, போனில் பழைய செய்திகளைத் தேடினேன். அந்த நாளுக்குப் போனேன். மூன்று நாற்பத்தொன்றுக்கு நீ எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறாய். மூன்று நாற்பத்திரண்டுக்கு நான் ஒரு சொல்லில் பதில் போட்டிருக்கிறேன்.

உனக்கு மறந்திருக்காது. முதலில் நீ எழுது.

ரேடியோ


மார்ச் 21

தம்பிக்கு,

எழுதுகிறேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க மாட்டேன், அதனால் ஒரே மூச்சில்.

மணி அடிக்கவில்லை என்றேன். உண்மை. நீ அனுப்பிய மணியை அவர் முதல் நாளே ஜன்னலோரம் தள்ளி வைத்துவிட்டார். மணி அடித்துப் பழக்கமில்லை அவருக்கு. தட்டித்தான் பழக்கம். மோதிர விரலை வளைத்து நாற்காலிக் கைப்பிடியில் தட்டுவார். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், இரண்டு தட்டு. முதல் மூன்று "இருக்கியா" என்றும், பின்னால் வரும் இரண்டு "வா" என்றும் நானாக அர்த்தம் வைத்துக்கொண்டேன். எந்த அறையில் இருந்தாலும் "வந்துட்டேன்ப்பா" என்று ஒரு சத்தம் கொடுப்பேன். பல சமயம் போகவே மாட்டேன். அடுப்பில் ஏதாவது இருக்கும், கையில் வண்ணம் இருக்கும். அவருக்கு அந்தச் சத்தம் போதும். தட்டல் நின்றுவிடும். இரண்டு வருடம் இப்படி. உனக்கு இது தெரியாது. நீ வந்த இரண்டு முறையும் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். மணி பயன்படுகிறதா என்று போனில் கேட்டாய். பயன்படுகிறது என்று சொன்னேன். உன் மனம் கோணக்கூடாதே என்று.

அன்று மதியம் உன் புதுப் பதிவு வந்திருந்தது. அவருக்குத் தண்ணீர் கொடுத்து, ஜன்னல் பக்கம் உட்கார வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனேன். காதை முழுக்க மூடுகிற புது ஹெட்போன். உன் இசையைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சாம்பல் நிறத்தைப் பூசினேன். கொஞ்ச நேரத்தில் இசைக்குள் ஒரு மரத் தட்டு கேட்க ஆரம்பித்தது. அடியில், மெதுவாக, உன் நடைக்கு அப்படியே பொருந்தி. என் தம்பி இந்தத் தடவை எவ்வளவு அடக்கமாக வாசித்திருக்கிறான் என்று நினைத்தேன். என் கை அந்தத் தட்டோடு சேர்ந்து நடந்தது. சந்தோஷமாக இருந்தேன்டா. வெகுநாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தேன். அந்தச் சந்தோஷத்தில்தான் கை துடைத்துவிட்டு உனக்குச் செய்தி அனுப்பினேன்.

"புதுசு கேட்டுட்டிருக்கேன். அந்த மரத் தட்டு பிரமாதம்டா."

நாலு பத்துக்கு வெளியே வந்தேன். அவர் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். மற்ற விரல்கள் கைப்பிடியில் படிந்திருந்தன. மோதிர விரல் மட்டும் வளைந்து தூக்கியபடி.

மூன்று நாள் கழித்து உன் பதிவை மறுபடி போட்டேன். பியானோ இருந்தது. செல்லோ இருந்தது. தட்டு இல்லை. அதன் பிறகு அந்தப் படத்தை நான் திருப்பவே இல்லை. அதில் கோடுகள் இருப்பது தெரியும். அவை இப்படி எண்ணத்தக்கவையாக இருக்கும் என்று தெரியாது. நீ எண்ணி எழுதிய பிறகுதான் எத்தனை முறை கூப்பிட்டார் என்று தெரிந்தது.

காது கேட்டிருக்கிறது. கை எழுதி வைத்திருக்கிறது. நான் மட்டும் போகவில்லை.

இப்போது உன் பதிலுக்கு வருகிறேன். "நன்றிக்கா" என்று போட்டாய். உன் பதிவில் தட்டு கிடையாது. உனக்கு அது தெரியும். "எந்தத் தட்டு?" என்று நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் ஹெட்போனைக் கழற்றியிருப்பேன். அப்போது மணி மூன்று நாற்பத்திரண்டு. அவர் நாலு மணிவரை தட்டியிருக்கிறார். எட்டு மாதமாக நான் உன்னோடு பேசாததற்குக் காரணம் நீ கத்தியது என்று நினைத்துக்கொண்டிருப்பாய். அது இல்லை.

கிறுக்கி


மார்ச் 28

அக்கா,

நான்கு நாள் தாளை எடுத்து எடுத்து வைத்தேன். ரேடியோ நின்றுபோவதை அவர் பார்த்திருந்தால் தட்டிப் பார்த்திருப்பார்.

ஆமாம், தெரியும். அந்தச் செய்தி வந்தபோது நான் மேலாளர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மெட்டைக் கேட்டுவிட்டு அவர், "இது கொஞ்சம் நல்லா வந்துடுச்சு, கெடுத்துட்டு எடுத்துட்டு வாங்க" என்று சொல்லி முடித்த நேரம். போன் ஒளிர்ந்தது. "பிரமாதம்டா." என் பதிவில் மரத் தட்டு இல்லை என்பது எனக்கு அந்த நொடியே தெரியும். பியானோவின் மிதிகட்டைச் சத்தம் ஏதாவது விழுந்திருக்கும், அதைத்தான் சொல்கிறாள் என்று எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். கேட்டால் பாராட்டு போய்விடுமே என்று பயம். பதினொரு வருடத்தில் எனக்கு வந்த ஒரே பாராட்டு, அதுவும் அப்பாவுக்குச் சேர வேண்டியது. வாங்கி வைத்துக்கொண்டேன்.

அந்தத் தட்டு ஏன் உன் காதில் என் இசையோடு பொருந்தியது என்று யோசித்தேன். என் மெட்டுகள் எல்லாமே ஒரே வேகத்தில் நடப்பவை. மேலாளர்கூடச் சொல்லிக் காட்டுவார். சின்ன வயதில் அவரோடு தண்டவாள ஓரம் நடந்து கற்ற வேகம் அது. சக்கரத்துக்குச் சக்கரம் சுத்தியல் விழும் வேகம். வேறு எந்த வீட்டில் இருந்தாலும் அந்தத் தட்டு இசைக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றிருக்கும். யாராவது எழுந்து போயிருப்பார்கள். நம் வீட்டில் பொருந்திவிட்டது.

ஐந்தாவது படத்துக்கு நான் எழுதிய இசையை அழித்துவிட்டேன். ஹெட்போன் இருக்கட்டும், அதில் ஒன்றும் ஓட வேண்டாம். கம்பியை எதிலும் செருகாதே. பெட்டியை இன்று அனுப்புகிறேன்.

படத்தைக் கட்டும் முன் நேராக நிமிர்த்தி வைத்து, ஹெட்போன் இல்லாமல், மூன்று இருபதுக்கு எதிரில் உட்கார்ந்தேன். தட்டல் கேட்டது, அக்கா. நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். எழுந்து நின்றேன். எங்கே போவது என்றுதான் தெரியவில்லை.

ரேடியோ


ஏப்ரல் 17

தம்பிக்கு,

கண்காட்சி தொடங்கி ஐந்து நாள் ஆகிறது.

ஐந்தாவது படத்துக்குப் படிவத்தில் இசையின் நீளம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். உணர்ச்சியின் பெயர் என்ற கட்டத்தில் "வந்துட்டேன்" என்று எழுதிக் கொடுத்தேன். இயக்குநர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது உணர்ச்சியாங்க?"

"கட்டத்துக்குள்ள அடங்குதுங்க" என்றேன்.

கையேட்டில் அவர் "மௌனத்தையே இசையாக்கிய துணிச்சல்" என்று எழுதியிருக்கிறார். வருகிறவர்கள் மற்ற ஆறு படங்களின் முன்னாலும் ஒழுங்காகத் தலையை ஆட்டுகிறார்கள். ஐந்தாவதில் ஹெட்போனை மாட்டுகிறார்கள், நிற்கிறார்கள், கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கக் காதை விலக்கிவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்க்கிறார்கள். எல்லோரும். என் கடலைத் திருப்பி அனுப்பிய டாக்டர்கூட. பின்னால் வெள்ளைச் சுவர்தான் இருக்கிறது. அவர் என்னிடம் வந்து, "யாரோ கூப்பிட்டாங்களே?" என்றார். யார் என்று நான் சொல்லவில்லை.

அந்த அறைக் காவலாளி நேற்று சொன்னார்: "மத்தியானத்துலதான் மேடம் ஜாஸ்தி. முந்தாநேத்து ஒருத்தர் இந்தப் படத்துக்கு முன்னாடி நின்னுட்டு, 'இதோ வர்றேன்'னு சத்தமாச் சொல்லிட்டு வேகமா வெளிய போனார். திரும்பி வரவே இல்லை. குடையக்கூட விட்டுட்டுப் போயிட்டார்." குடையை எனக்குக் காட்டினார். படத்தின் அடியில் சாய்த்து வைத்திருந்தார்கள். பார்வையாளர்கள் அதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

குடையைப் பார்க்கக் குனிந்தபோதுதான் கவனித்தேன். ஏழாவது வரிசையின் கடைசித் தொகுதி. மூன்று கோடு, இடைவெளி, இரண்டு கோடு. இரண்டாவது கோடு பழுப்பு, மற்றவற்றின் அதே அகலம். தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருக்கிறது.

நீ சேர்த்ததுதானே? சேர்க்காதே என்று சொல்லியும் சேர்த்தாயா? கோபமில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை எழுது, போதும்.

கண்காட்சி மாதக் கடைசிவரை. வந்து பார். வீட்டில்தான் தங்க வேண்டும். உன் மணி இன்னும் ஜன்னலோரம்தான் இருக்கிறது. அந்த நாற்காலியை நான் நகர்த்தவில்லை. நான் இப்போது ஹெட்போன் இல்லாமல்தான் வரைகிறேன்.

கிறுக்கி


ஏப்ரல் 24

அக்காவுக்கு,

நீ கேட்ட வார்த்தையை எழுத முடியவில்லை. நான் அந்தப் படத்தில் டிரேசிங் தாளைத் தவிர வேறு எதையும் வைக்கவில்லை. என் வீட்டில் பிரஷ் என்று இருப்பது ஒன்றுதான், அதில் பல் தேய்க்கிறேன். நீ படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிய அன்று கடைசி வரிசையைப் பார்த்தாயா என்று யோசித்துப் பார். பார்த்திருக்க மாட்டாய். நானும் கட்டும்போது பார்க்கவில்லை. நம் குடும்பத்தில் ஒருவரும் கடைசியைப் பார்க்கிறதில்லை.

வாத்தியார் நேற்று மறுபடி வந்தார். பெட்டி போனதிலிருந்து மத்தியானம் சத்தமே இல்லையாம். "நிம்மதியாச்சே சார்" என்றேன். "என்ன நிம்மதி? மூணு இருபதுக்குத் தானா முழிப்பு வந்துடுது. எழுந்து உக்காந்து காத்துட்டிருக்கேன்" என்றார். படத்தின் கடைசிக் கோடு நிரம்பிவிட்டது என்று அவரிடம் மட்டும் சொன்னேன். எந்தப் படம் என்றுகூட அவர் கேட்கவில்லை. "சரி, முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். பாதிப் படியில் நின்று, "யாரோ பதில் சொல்லியிருக்காங்க தம்பி" என்றார். இயக்குநரின் படிவத்தில் நீ எழுதியதை நான் அவரிடம் சொல்லவில்லை.

மேலாளரிடம் ஒரு வாரம் விடுப்புக் கேட்டேன். "என்ன விஷயம்?" என்றார். "ஒருத்தங்க ரொம்ப நேரமாக் காத்துட்டிருக்காங்க" என்றேன். அந்த விஷயத்தில் அவருக்கு அனுபவம் உண்டு. கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை மதியம் வருகிறேன். ரயில் மூன்று மணிக்கு நிலையம் சேரும். அங்கிருந்து நடந்தால் வீட்டுக்கு அரை மணி நேரம். வாசலில் மணி அடிக்க மாட்டேன். கதவையும் தட்ட மாட்டேன். தெருவில் நின்று "அக்கா" என்று தொண்டை கிழியக் கத்துவேன். எதிர் வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்தால் திறக்கட்டும். மூன்றரைக்கு முன்னால் நான் வந்து சேர வழியே இல்லை.

அதற்கு முன்னால் தட்டல் கேட்டால் அது நான் இல்லை. ஆனாலும் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டுச் சத்தம் கொடு. எழுந்து போ.

ரேடியோ